குருதி ஏன் சிவந்தது?

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இத்தகைய விழாக்களில் பேச வருவோர் குறளையோ சிலம்பையோ எடுத்து விளக்குவது வழக்கம். அவற்றைப் பேசுதற்குரிய புலமை வாய்ந்தவர்கள் இம்மேடையிலேயே இருக்கிறார்கள். யாமோ பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டு, ரயில்வே சரக்கு அலுவலகத்தில் பேரேடும் பாரக் கணக்கும் எழுதிப் பிழைக்கும் எழுத்தர். செயலாளர் அவர்கள் எம்மையும் விடாது, ‘நீங்களும் ஒரு கால் மணி நேரம் பேசியே தீர வேண்டும்’ என்று கட்டளையிட்டுவிட்டார்கள். ஆகவே, எமக்குத் தெரிந்த ஒன்றை, தெரிந்த அளவில், உங்கள் முன் வைக்கத் துணிந்தோம்.

‘குருதி ஏன் சிவப்பாக இருக்கிறது?’ என்பதே யாம் எடுத்துக்கொண்ட பொருள். ‘இது மருத்துவர் பேச வேண்டிய செய்தி அன்றோ? ரயில்வே எழுத்தருக்கு இதில் என்ன வேலை?’ என்று நீங்கள் வியக்கலாம். சென்ற ஆண்டு இக்கேள்வி எம் இல்லத்திற்குள் தானே வந்து புகுந்தது. அதன் பொருட்டுச் சில நூல்களைத் தேடிப் படித்தோம். மருத்துவர்களைக் கேட்டும் அறிந்தோம். அக்கேள்வி வந்த விதத்தை இறுதியில் ஒளிக்காமல் சொல்லுவோம். முதலில் பொருளைப் பார்ப்போம்.

நிறம் குடியிருக்கும் இடம்

செந்நீர் என்று நம் தமிழ் இதற்குப் பெயர் வைத்தது. இரத்தம் என்னும் வடசொல்லும் சிவந்தது என்ற பொருளில் பிறந்ததே. எனினும் அந்தச் செந்நீரில் நீர் சிவப்பன்று. ஒரு கண்ணாடிக் குழாயில் சிறிது குருதியை எடுத்து, உறையாதிருக்க மருந்து கலந்து, அசையாது வைத்தால் அது இரண்டாகப் பிரிகிறது. மேலே நிற்பது வைக்கோல் நிறமுடைய தெளிநீர். கீழே படிவதுதான் செந்நிறம். அங்ஙனம் படிவன செவ்வணுக்கள்.

1674ஆம் ஆண்டில் ஹாலந்து நாட்டு லேவன்ஹூக் என்பவர், தம் கையால் தேய்த்துச் செய்த கண்ணாடி வில்லையின் வழியே இவ்வணுக்களைக் கண்டு எழுதினார். அவர் துணி வணிகர். கல்லூரி வாசலை மிதியாதவர். இது எம் போன்றோர்க்கு ஒரு பெரும் ஆறுதல்!

கடுகினும் சிறியதாகிய ஒரு கன மில்லிமீட்டர் அளவுக் குருதியில் ஏறத்தாழ 50 லட்சம் செவ்வணுக்கள் மிதக்கின்றன. ஓர் அணுவைத் தனியே நோக்கினால் வெளிறிய மஞ்சளாகவே தோன்றும். கோடிக்கணக்கில் திரளும்போதுதான் செம்மை தெரியும். ஒவ்வோர் அணுவுக்கும் ஆயுள் ஏறத்தாழ 120 நாள். மடிவனவற்றிற்கு ஈடாக, நம் எலும்புகளின் உள்ளே இருக்கும் மச்சை என்னும் பட்டறை, நொடிக்கு 20 லட்சம் புதிய அணுக்களை ஆக்கி அனுப்புகிறது. நம் மாட்டுங்காவில் உள்ள ரயில்வே பட்டறையை நீங்கள் அறிவீர்கள். அது போன்றதொரு பட்டறை, இரவு பகல் ஓயாமல், வேலைநிறுத்தம் அறியாமல், ஒவ்வொருவர் எலும்பிலும் நடந்துகொண்டிருக்கிறது.

அணுவுக்குள் நிறைந்திருக்கும் பொருளுக்கு ஹீமோகுளோபின் என்று பெயர். ஓர் அணுவில் ஏறத்தாழ 27 கோடி ஹீமோகுளோபின் மூலக்கூறுகள் உண்டு. ஒவ்வொரு மூலக்கூறும் நான்கு பகுதிகளாக அமைந்தது. ஒவ்வொரு பகுதியிலும் ஹீம் என்னும் ஒரு வளையம். அவ்வளையத்தின் நடுவே, மோதிரத்தில் பதித்த கல் போல, ஒரே ஓர் இரும்பணு. இந்த வளையமும் அதில் பதிந்த இரும்பும் சேர்ந்துதான் குருதிக்குச் செம்மையைத் தருகின்றன.

சூரிய ஒளியில் பல நிறங்களும் கலந்துள்ளன என்று பள்ளியில் படித்தோம். ஹீம் வளையத்தின் மீது ஒளி படும்போது, அது நீலத்தையும் பச்சையையும் மிகுதியாக விழுங்கிவிடுகிறது. சிவப்பைப் பெரும்பாலும் விழுங்காமல் விட்டுவிடுகிறது. விடப்பட்ட அந்தச் சிவப்பே நம் கண்ணை வந்து சேருகிறது.

துருவும் குருதியும்

‘இரும்பு துருப்பிடித்தால் சிவக்கிறது, குருதியில் இரும்பு இருக்கிறது, ஆகவே குருதி சிவந்தது’ என்று சிலர் கூறுவர். ரயில்வேயில் இருக்கும் எமக்கு இக்கூற்று முதலில் மிகவும் பிடித்திருந்தது. மழைக்காலத்தில் சரக்குக் கொட்டடியின் பழைய தண்டவாளம் செம்மண் நிறம் கொள்வதை நாளும் காண்கிறோம். சரக்குப் பெட்டிகளுக்குப் பூசும் செங்காவி வண்ணமும் இரும்புத் துருவின் இனமே. ஆயினும் இக்கூற்று பாதிதான் உண்மை. இரும்பு இல்லாத வெறும் வளையத்திற்கும் நிறம் உண்டு. அன்றியும், துருப்பிடித்த தண்டவாளம் தான் பற்றிய பிராணவாயுவை ஒருபோதும் திருப்பித் தருவதில்லை. குருதியின் இரும்போ நுரையீரலில் பிராணவாயுவைப் பெற்று, உடலின் கடைக்கோடிவரை சுமந்து சென்று, வேண்டிய இடத்தில் இறக்கிவிடுகிறது.

இவ்வளையத்தின் பெருமையை அறிய ஒரு கீரைக்கட்டை எடுத்துப் பாருங்கள். இலையின் பச்சைக்குக் காரணமான பொருளிலும் இத்தகைய வளையமே உள்ளது. நடுவில் மட்டும் இரும்புக்குப் பதிலாக மக்னீசியம் இருக்கிறது. கீரையின் பசுமையும் நம் குருதியின் செம்மையும் பங்காளி உறவுடையன!

எல்லா உயிர்க்கும் குருதி சிவப்பன்று. நாம் குழம்பு வைத்து உண்ணும் நண்டுக்கும் இறாலுக்கும் பிராணவாயுவைச் சுமப்பது செம்பு அடங்கிய வேறொரு பொருள். ஆகவே பிராணவாயு ஏறிய அவற்றின் குருதி நீலச் சாயல் உடையது. தென்துருவக் கடலில் ஒருவகை மீனுக்குச் செவ்வணுவே இல்லை. அதன் குருதி தண்ணீர் போலத் தெளிந்திருக்கும். கரப்பான் பூச்சிக்கு உடலெங்கும் காற்றுக் குழாய்கள் உள்ளமையால் இந்தச் சுமைகாரனே தேவையில்லை. சுவரில் அடித்த கொசுவிடம் காணும் சிவப்பு கொசுவினுடையதன்று, நம்முடையதே!

ஏற்றிய வண்டியும் இறக்கிய வண்டியும்

செம்மையிலும் இரண்டு தரம் உண்டு. பிராணவாயு ஏற்றிய குருதி பளிச்சென்ற சிவப்பு. அதனை இறக்கிவிட்டுத் திரும்பும் குருதி கருஞ்சிவப்பு. கையில் புடைத்துத் தெரியும் நரம்புகள் நீலமாகத் தோன்றுவதால் உள்ளே நீலக் குருதி ஓடுகிறது என்று எண்ணுதல் தவறு. தோலின் ஊடே ஒளி சென்று மீளும்போது உண்டாகும் தோற்றமே அது. பிராணவாயு சேர்வதாலும் நீங்குவதாலும்தான் இந்நிற மாற்றம் நிகழ்கிறது என்பதை 1864இல் இங்கிலாந்தின் ஸ்டோக்ஸ் என்னும் அறிஞர் மெய்ப்பித்தார்.

ஹீமோகுளோபினின் உருவத்தை வரைந்து காட்டியவர் மாக்ஸ் பெரூட்ஸ். வியன்னாவில் பிறந்து கேம்பிரிட்ஜுக்கு வந்த இவர், 1937இல் தொடங்கி இருபது ஆண்டுகளுக்கு மேல் இந்த ஒன்றையே ஆராய்ந்து, 1962இல் நோபெல் பரிசின் ஒரு பங்கைப் பெற்றார். இம்மூலக்கூறில் நான்கு இருக்கைகள் உண்டு என்றோம். முதல் இருக்கையில் பிராணவாயு அமர்ந்ததும் மூலக்கூறின் உருவமே சற்று மாறி, அடுத்தவை அமர்வது எளிதாகிறது. நம் உள்ளூர் ரயிலில் முதலில் ஏறியவர் வாசலை அடைத்துக்கொண்டு நிற்பார். இங்கோ முதலில் ஏறியவர் மற்றவர்க்குக் கை கொடுத்து ஏற்றுகிறார்!

இந்த இருவகைச் செம்மையின் பயனை 2020ஆம் ஆண்டில் தாராவி மக்கள் அனைவரும் கண்கூடாகக் கண்டோம். கொரோனாக் காலத்தில் சந்து சந்தாக வந்த சுகாதார ஊழியர்கள் நம் விரலில் மாட்டிய சிறு கருவியை நினைவிருக்கிறதல்லவா? அது சிவப்பு ஒளியொன்றையும் கண்ணுக்குப் புலனாகாத ஒளியொன்றையும் விரலின் ஊடே செலுத்தி, குருதியில் எத்தனை பங்கு பிராணவாயு ஏறியிருக்கிறது என்று நிறத்தைக் கொண்டே கணக்கிடுவது. 1970களில் இம்முறையைக் கண்டவர் ஜப்பானியப் பொறியியலாளர் அவோயாகி. அவர் 2020 ஏப்ரலில், உலகமே தம் கண்டுபிடிப்பை விரலில் மாட்டிக்கொண்டிருந்த நாளில், மறைந்தார்.

இக்கருவிக்கும் ஓர் எல்லை உண்டு. இருக்கும் வண்டிகளில் எத்தனை நிரம்பியுள்ளன என்று அது சொல்லும். மொத்தம் எத்தனை வண்டிகள் உள்ளன என்று சொல்லாது. நூற்றுக்கு 98 என்று காட்டிய விரலுக்கு உரியவரிடம் குருதியே குறைந்திருக்கலாம். இதனை நினைவில் வையுங்கள்; இதற்குத் திரும்பி வருவோம்.

இரும்பின் பேரேடு

நம் உடலில் உள்ள இரும்பு முழுவதும் 3 அல்லது 4 கிராம். ஒரு சிறு ஆணியின் எடை. அதில் மூன்றில் இரண்டு பங்கு குருதியிலேயே இருக்கிறது. கணக்கெழுதும் எமக்கு இந்த இரும்பின் வரவு செலவைப் படித்தபோது பெருவியப்பு உண்டாயிற்று. செவ்வணு மடியும்போது உடல் அதன் இரும்பை வீணாக்குவதில்லை. பிரித்தெடுத்துப் பட்டறைக்கே அனுப்புகிறது. வளையம் மட்டும் உடைந்து பச்சையாகவும் பின் மஞ்சளாகவும் மாறிக் கழிகிறது. அடிபட்டுக் கன்றிய இடம் சில நாளில் பச்சையாகி மஞ்சளாவது இதனால்தான்.

ஆகவே ஓர் ஆண்மகனுக்கு நாளொன்றுக்கு ஆகும் இரும்புச் செலவு சுமார் 1 மில்லிகிராம். உணவிலிருந்து அதனை ஈடுசெய்தல் எளிது. பெண்களின் பேரேடோ வேறு. மாதந்தோறும் குருதியோடு இரும்பும் வெளியேறுகிறது. கருவுற்ற காலத்தில் குழந்தைக்கும், பெருகும் தன் குருதிக்கும், பேற்றின் இழப்புக்குமாகச் சுமார் 1000 மில்லிகிராம் வேண்டும். செலவு மிகுந்த இந்தப் பேரேட்டிற்கு வரவோ, பெரும்பாலான வீடுகளில், எல்லாரும் உண்டபின் பாத்திரத்தில் மிஞ்சியது.

வரவு குறைந்தால் பட்டறை வெளிறிய சிறிய அணுக்களையே ஆக்கி அனுப்பும். குருதியின் செம்மை குன்றும். இதனையே சோகை என்கிறோம். காய்ந்து வெளிறிய கரும்பின் இலைக்கும் சோகை என்றே தமிழில் பெயர் வழங்குவது கருதத்தக்கது.

பரேலில் நடந்த கதை

இந்தச் சோகையின் வரலாற்றில் நம் பம்பாய்க்கு ஒரு தனி இடம் உண்டு. இங்கிருந்து சில கல் தொலைவில், பரேலில், பழைய ஆளுநர் மாளிகையில் ஹாஃப்கின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. 1899இல் பிளேக் நோய் ஆராய்ச்சிக்காக எழுந்தது அது. அங்கே 1928இல் லூசி வில்ஸ் என்னும் ஆங்கிலேயப் பெண் மருத்துவர் வந்து சேர்ந்தார். பம்பாயில் கருவுற்ற பெண்கள் பலர் கடுஞ்சோகையால் மடிவதன் காரணத்தை ஆராய்வதே அவர் பணி. அவர் கண்ட பெண்கள் பஞ்சாலைகளில் உழைத்த ஏழைக் குடும்பத்தவர்.

முதலில் ‘கிருமியோ?’ என்று தேடினார், கிருமி அன்று. பின்னர் அப்பெண்கள் என்ன உண்கிறார்கள் என்று நோக்கினார். நல்லுணவு பெற்றவரிடம் இந்நோய் அரிது. வறிய உணவு பெற்றவரிடமே மிகுதி. அவ்வுணவையே எலிகளுக்கும் குரங்குகளுக்கும் இட்டு வளர்த்தார். அவையும் சோகை கொண்டன. அந்நிலையில் ‘மார்மைட்’ என்னும் மலிவான ஈஸ்ட் சாறு ஒன்றைக் கொடுத்துப் பார்த்தார். வெளிறிக் கிடந்த உயிர் தேறியது. பின்னர் நோயுற்ற பெண்களுக்குக் கொடுத்தார்; அவர்களும் தேறினார்கள். 1931இல் இச்செய்தி ஆங்கிலேய மருத்துவ இதழில் வெளியாயிற்று. இடையில் அவர் நம் தமிழகத்துக் குன்னூரிலும் சென்னை கோஷா மருத்துவமனையிலும் இருந்து இவ்வாராய்ச்சியைத் தொடர்ந்தார் என்பது நாம் மகிழத்தக்க செய்தி.

அச்சாற்றில் இருந்த பொருள் யாது? அப்போது எவருக்கும் தெரியாது; ‘வில்ஸ் காரணி’ என்றே அழைத்தனர். 1941இல் அமெரிக்காவில் நான்கு டன் பாலக் கீரையிலிருந்து ஒரு பொருளைப் பிரித்தெடுத்தனர். இலை என்னும் பொருளுடைய லத்தீன் சொல்லால் அதற்கு ஃபோலிக் அமிலம் என்று பெயரிட்டனர். வில்ஸ் அம்மையார் தேடிய பொருள் இந்த இனத்ததே என்று பின்னர்த் தெரிந்தது. 1940களின் நடுவில் இதனை ஆய்வுக்கூடத்தில் செயற்கையாக ஆக்கிய குழுவினர்க்குத் தலைமை தாங்கியவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று அமெரிக்கா சென்ற எல்லாப்பிரகட சுப்பாராவ்.

இரும்புக்கும் இதற்கும் வேலை வேறு. இரும்பு, பட்டறைக்கு வேண்டிய மூலப்பொருள். ஃபோலிக் அமிலமோ அணுக்கள் ஒன்று இரண்டாகப் பிரிந்து பெருகுவதற்கே தேவையானது. எது குறைந்தாலும் செம்மை குன்றும். இன்று அரசாங்கம் கருவுற்ற தாய்மார்க்குக் கொடுக்கும் சிவப்பு மாத்திரையிலும், பள்ளியில் வளரிளம் பிள்ளைகளுக்கு வாரம் ஒருமுறை கொடுக்கும் நீல மாத்திரையிலும், 60 மில்லிகிராம் இரும்பும் ஃபோலிக் அமிலமும் சேர்ந்தே இருக்கின்றன. ‘வயிற்றைப் புரட்டுகிறது’ என்று நம் பிள்ளைகள் சாக்கடையில் எறிந்துவிட்டு வரும் அந்த மாத்திரைக்குள், பரேல் ஆலைப் பெண்களின் கதை அடங்கியிருக்கிறது.

அக்கதை நிகழ்ந்து ஒரு நூற்றாண்டு ஆகப்போகிறது. பஞ்சாலைகள் மூடிவிட்டன. சோகை மூடவில்லை. 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயது வரை உள்ள பெண்களில் நூற்றுக்கு 57 பேர் சோகை உடையவர்கள். மராட்டியத்தில் 54; நம் தமிழ்நாட்டில் 53. ஆண்களிலோ நாடு முழுதும் 25. இந்த மண்டபத்தில் கூடியிருக்கும் தாய்மார்களை இக்கணக்கோடு பொருத்திப் பார்க்க எமக்கு மனம் வரவில்லை. ஆனால் எம் வீட்டைப் பொருத்திச் சொல்லும் கடமை உண்டு.

எம் இல்லத்தில் நிகழ்ந்தது

எம் இல்லாள் விடியலில் குழாய்த் தண்ணீர் வரும்போது எழுபவள். தண்ணீர் பிடித்து, சமைத்து, பிள்ளைகளைப் பள்ளிக்கும் எம்மை அலுவலகத்துக்கும் அனுப்பிவிட்டு, தையல் வேலையும் செய்பவள். ஓரிரு ஆண்டுகளாகப் படியேறும்போது மூச்சு வாங்கியது. ‘என்ன?’ என்றால், ‘ஒன்றுமில்லைங்க, சற்றுக் களைப்பு’ என்பாள். ‘அலுவலகம் போய் வரும் எமக்கே களைப்பில்லை, வீட்டில் இருக்கும் உனக்கு என்ன களைப்பு?’ என்று ஒருமுறை அன்று, பலமுறை கேட்டோம். சமைக்கும்போது பச்சரிசியை எடுத்து வாயிலிட்டு மெல்லுவாள். ‘அரிசி தின்றால் கல்யாணத்தில் மழை வரும், உனக்குத்தான் கல்யாணம் ஆகிவிட்டதே!’ என்று கேலி செய்தோம். அது சோகையின் அடையாளங்களுள் ஒன்று என்பதை எம் அறியாமை அறியவில்லை.

சென்ற ஆண்டு ஆவணியில் ஒருநாள், ரயில் நிலைய மேம்பாலத்தின் படியில் கண் இருண்டு விழுந்துவிட்டாள். பலர் தூக்கி நிறுத்தி, தண்ணீர் தெளித்தார்கள். மருத்துவமனையில் விரலில் அந்தக் கருவியை மாட்டினார்கள்; 98 காட்டியது. ‘பயமில்லை’ என்று எண்ணினோம். அப்போது அங்கிருந்த பெண் மருத்துவர், எம் இல்லாளின் கீழிமையை விரலால் இழுத்துப் பார்த்து, எம்மையும் அழைத்துக் காட்டி, ‘இங்கே சிவப்பு எங்கே?’ என்று கேட்டார். பார்த்தோம். இருக்க வேண்டிய செம்மை இல்லை; காகிதம் போல் வெளுத்திருந்தது. இருபது ஆண்டுகளாக நாளும் பார்த்த முகத்தில் அதனை யாம் பார்க்கவில்லை.

ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் குறையாதிருக்க வேண்டிய இடத்தில் 5.8 இருந்தது. கருப்பையில் ஒரு கட்டி. அதனால் மூன்றாண்டுகளாக மாதந்தோறும் மிகுந்த குருதிப்போக்கு. எவரிடமும் சொல்லவில்லை. ‘ஏன் சொல்லவில்லை?’ என்றோம். ‘சொன்னால் உங்களுக்கு விடுப்பு எடுக்க வேண்டிவரும், பெரியவளுக்குத் தேர்வு இருந்தது’ என்றாள். மருத்துவர் எம்மைப் பார்த்து, ‘உங்கள் வீட்டில் கடைசியாகச் சாப்பிடுவது யார்?’ என்று இன்னொரு கேள்வி கேட்டார். அதற்கு யாம் விடை சொல்லவில்லை.

அவளுக்குக் குருதி ஏற்ற வேண்டியிருந்தது. எம் அலுவலகத் தோழர் நால்வர் ஓடிவந்து குருதி கொடுத்தார்கள், யாமும் கொடுத்தோம். பையில் நிறைந்ததெல்லாம் ஒரே கருஞ்சிவப்பு. எது மராட்டியருடையது, எது தமிழருடையது என்று நிறத்தால் பிரிக்க இயலாது. நிறம் ஒன்றாயினும் வகை பார்த்தே ஏற்ற வேண்டும் என்பதையும் அங்குதான் அறிந்தோம். 1952இல் டாக்டர் பெண்டே முதலியோர் இந்நகரிலேயே கண்டறிந்த ஓர் அரிய வகைக்கு ‘பம்பாய் வகை’ என்றே உலகம் பெயர் வைத்திருக்கிறது. அவ்வகையினர்க்கு அவ்வகையினரே கொடுக்க முடியும். ஆகவே நம் இளைஞர்கள் தத்தம் வகையை அறிந்து வைத்திருத்தல் நன்று.

பின்னர்க் கட்டிக்கு மருத்துவம் நடந்தது. ஆறு மாதம் மாத்திரை உண்டாள். பங்குனியில் பார்த்தபோது ஹீமோகுளோபின் 11.6. பச்சரிசி மெல்லும் வழக்கம் யாரும் சொல்லாமலே நின்றுவிட்டது.

செய்யத் தக்கன

தாய்மார்களே! சிவந்த பொருளைத் தின்றால் குருதி ஊறும் என்று பீட்ரூட்டையும் மாதுளையையும் மட்டும் நம்பியிருக்க வேண்டா. அவற்றின் சிவப்பு வேறு. குருதியின் சிவப்பு வேறு. நல்ல உணவே எனினும் அவற்றில் இரும்பு மிகுதியன்று. ஆட்டு ஈரல், சுவரொட்டி, மீன் ஆகியவற்றின் இரும்பு எளிதில் உடலில் சேரும். சுவரொட்டியைப் பிள்ளை பெற்றவளுக்குக் கொடுத்த நம் பாட்டிமார் அறிவுடையோர். புலால் உண்ணாதார்க்குக் கேழ்வரகு, கம்பு, பயறு, கீரை உண்டு. இவற்றின் இரும்பு சற்றுத் தயங்கியே உடலில் சேரும். எலுமிச்சையோ நெல்லிக்காயோ உடன் சேர்த்தால் அத்தயக்கம் குறையும். உண்டவுடன் தேநீர் குடித்தால் உணவின் இரும்பில் பெரும்பகுதி வீணாகும். ‘கட்டிங் சாய்’ இல்லாமல் பம்பாயில் வாழ்வது அரிது என்பதை அறிவோம். ஒரு மணி நேரம் பொறுத்துக் குடியுங்கள் என்றே வேண்டுகிறோம். கடுஞ்சோகை உணவால் மட்டும் தீராது. மருத்துவரிடம் சென்று காரணத்தை அறிதல் வேண்டும்.

ஆடவர்களே! உங்களுக்கு ஒன்றே சொல்லுவோம். இன்று இரவு வீடு சென்றதும், உங்கள் மனைவியை, தாயை, மகளை விளக்கின் கீழ் நிறுத்தி, கீழிமையை மெல்ல இழுத்துப் பாருங்கள். அங்கே செம்மை இருந்தால் மகிழ்ச்சி. வெளுப்பைக் கண்டால், நாளைக் காலையில் அரைநாள் விடுப்பு எடுத்துக்கொள்ளுங்கள். யாம் எடுக்காமல் சேர்த்து வைத்த விடுப்புகளால் யாம் பெற்ற பயன் ஒன்றுமில்லை.

சங்கத்தாருக்கும் ஒரு விண்ணப்பம். ஆண்டு விழாவில் கோலப் போட்டி நடத்துகிறோம். பாட்டுப் போட்டி நடத்துகிறோம். அடுத்த பொங்கலுக்குள் நம் குடியிருப்புப் பெண்கள் அனைவர்க்கும் ஹீமோகுளோபின் பார்க்கும் முகாம் ஒன்றை நடத்த வேண்டும். ஒரு சொட்டுக் குருதியும் சில நிமிடமும் போதும். அதற்குப் பெயர் எழுதும் பணியை எம்மிடம் விடுங்கள். எழுதுவதே எம் தொழில். முதற்பெயராக எம் இல்லாளின் பெயரை எழுத அவளே இசைந்திருக்கிறாள்.

இப்போது எம் வீட்டில் எல்லாரும் ஒன்றாக அமர்ந்தே உண்கிறோம். இடம் சிறிது, முழங்கால் இடிக்கத்தான் செய்கிறது. ஆயினும் பழகிவிட்டது.